பாத்திரக்கடை மச்சான் காடு பார்த்த கதை

காட்டோரத்து ஏரியில் வழிகாட்டியாக இருக்கும் அவரைச் சுற்றுலா வருபவர்கள் ‘சைகைக்காரர்’ என்றே அழைப்பார்கள். வாய் என்பது சோறு உண்ணவும் கொட்டாவி விடவும் மட்டுமே படைக்கப்பட்டது என்பது அவர் கொள்கை. கையை விரித்து உயர்த்தினால் ‘ஏதோ வருகிறது’ என்று பொருள். விரல்களை மடக்கினால் ‘அசையாதீர்கள்’. இரு விரல்களைக் கண்ணருகே கொண்டுபோய் நீட்டினால் ‘அங்கே பாருங்கள்’. அவருடைய தொழில் இந்த மூன்றுக்குள் அடங்கும். தொழிலோடு குடித்தனமும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது என்பதுதான் மனைவியின் மனக்குறை. சோறு போதும் என்பதற்கும் அவர் விரல்களைத்தான் மடக்குவார்.

“வீட்டுக்குள்ள எந்த மானும் மிரண்டு ஓடப்போறதில்ல. வாயைத் திறந்துதான் சொல்லுங்களேன்,” என்பாள் அவள்.

அவள் பிறந்த குடும்பம் பேச்சுக்குப் பெயர் போனது. அண்ணன் நகரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அண்டாவும் குண்டானும் நாள் முழுதும் உருளும் இடத்தில் பேசிப் பேசி உரமேறிய குரல் அவருக்கு. வேலையாளின் காதில் அவர் ஓதும் ரகசியத்துக்கு எதிர்க்கடைக்காரர் பதில் சொல்வார். அந்த மச்சான் முதல்முறையாகத் தங்கை வீட்டுக்கு வந்து, கூடத்து நாற்காலியில் அமர்ந்து, வந்த காரியத்தைப் போட்டு உடைத்தார்.

“மாப்ளே, கடைக்கு நம்பிக்கையான ஆள் வேணும். மாடியில வீடும் காலியா இருக்கு. கிளம்பி வந்துடுங்க. இல்லாத மிருகத்தை இருக்குன்னு சொல்லி நாலு பேரை உக்கார வைக்கறது ஒரு வேலையா?”

“இருக்கு, மச்சான்.”

“இருந்தா ஒண்ணைக் கண்ணுல காட்டுங்க. காட்டிட்டா இந்தப் பேச்சையே விட்டுடறேன். காட்டலைன்னா மூட்டையைக் கட்டணும். என்ன தங்கச்சி?”

“அண்ணன் சொல்றதும் சரியாத்தானே இருக்கு,” என்றாள் அவள், கணவரின் முகத்தைப் பாராமல். மழைக்காலத்தில் ஏரிப்பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்போது அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சைகைக்காரர் தலையை ஆட்டிவைத்தார். பாத்திரக்கடையில் அடுக்கி வைத்த மூடிகள் ஒவ்வொன்றாகச் சரியும் ஓசை அப்போதே அவர் காதுக்குள் கேட்கத் தொடங்கியது.

புதிதாகக் காடு காண வருபவர்களிடம் அவர் முன்னதாகவே சில சொற்களைச் செலவழிப்பது உண்டு. மண்ணோடு மண்ணாகத் தோன்றும் நிறத்தில் உடுத்துங்கள், அத்தர் பூசாதீர்கள், தின்பண்டப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், புலியைத் தேடிக்கொண்டிராமல் வருவதைப் பாருங்கள். எத்தனை பெரிய அதிகாரியானாலும் அவர் இதைச் சொல்லத் தயங்கியதில்லை. ஆனால், பெண் கொடுத்த வீட்டு மூத்தவரிடம் ‘வாயை மூடுங்கள்’ என்று எந்த நாவினால் சொல்வது? சொல்லாது விட்டதன் பயன் மறுநாள் விடியலில் வாசலில் வந்து நின்றது. மச்சான் எலுமிச்சை நிறச் சட்டை அணிந்து, அக்கரை மான்களின் மூக்கையும் எட்டும்படி மணந்துகொண்டிருந்தார்.

ஏரிக்கரையில் ஆட்கள் மறைந்திருந்து பார்ப்பதற்கென்று பலகைக் குடில் ஒன்று உண்டு. நீரை நோக்கிய சுவரில் கண்மட்டத்துக்கு நீளமான திறப்பு. அதற்கு நேரே ஒரு பெஞ்சு. அன்று புதிதாக மணமான தம்பதி முன்பே வந்து, கற்ற சைகைகளை மறவாமல் சிலைபோல் அமர்ந்திருந்தார்கள். மச்சான் உட்கார்ந்ததும் பெஞ்சு முனகியது. அவர் அதனிடமிருந்தே பேச்சைத் தொடங்கினார்.

“இது என்ன மரம், மாப்ளே? அதோ அந்தக் குச்சி மேல நீலமா நிக்குதே, அது என்ன?”

“மீன்கொத்தி, மச்சான்.”

“எங்க?”

“இப்பப் போயிடுச்சு.”

புதுமாப்பிள்ளை பொறுக்கமாட்டாமல் மச்சானை நோக்கி விரல்களை மடக்கிக் காட்டினான். நல்ல பிள்ளை வணக்கம் சொல்கிறான் என்று மகிழ்ந்து, மச்சானும் தம் விரல்களை மடக்கி உயர்த்தினார்.

“இந்த இடத்துக்கு நீர்நாய் வரும் மச்சான். கொஞ்சம் பொறுத்தா பாக்கலாம்,” என்று சைகைக்காரர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

“நாய் பாக்கவா இத்தனை தூரம் நடந்தோம்? எங்க கடைவாசல்லயே படுத்துக் கிடக்குதே.”

பிறகு பிஸ்கட் பொட்டலம் பிரிந்தது. அதன் சலசலப்பில் நாரைகள் எழுந்து பறந்தன. பொட்டலம் தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது, மச்சானின் தலை மெல்லச் சுவரில் சாய்ந்தது. விடியுமுன் எழுந்து பழகாத உடம்பு. அவர் உறங்கிவிட்டார்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் ஏரி அடங்கியது. அடங்கிய நீரில் குமிழிகள் ஒரு கோடாக ஓடி வந்தன. கோட்டின் முடிவில் மீசை வைத்த தட்டைத் தலையொன்று எழுந்தது; பின்னாலேயே இரண்டு குட்டிகள். சைகைக்காரரின் கை விரிந்து உயர்ந்தது. தாய் நீர்நாய் துள்ளும் வாளைமீனைக் கவ்விக்கொண்டு குடிலுக்கு எதிரே இருந்த பாறையில் ஏறியது.

சைகைக்காரர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். தட்டி எழுப்பினால் ‘என்ன?’ என்று மச்சான் ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு ஏரியே காலியாகிவிடும். எழுப்பாமல் விட்டாலோ பாத்திரக்கடை. இதற்கிடையில் மச்சானின் மார்பு மேலெழும்பியது. நெடுங்குறட்டை ஒன்று தொண்டைவரை வந்துவிட்டது.

மூத்தவர், பெண் கொடுத்தவர் என்ற எண்ணமெல்லாம் அக்கணத்தில் எங்கோ போயிற்று. தம் உள்ளங்கையால் அவர் மச்சானின் வாயை இறுகப் பொத்தினார்.

மச்சான் விழித்தார். கண்கள் சிவந்தன. எதிரே இரு விரல்கள் நீண்டிருந்தன. சிவந்த கண்கள் அவை காட்டிய திசையில் சென்று அப்படியே நின்றுவிட்டன. பாறைமேல் குட்டிகள் மீனின் வாலுக்காக ஒன்றையொன்று தள்ளின. தோற்ற குட்டி தாயின் முதுகில் ஏறிச் சறுக்கி விழுந்தது. சைகைக்காரர் அஞ்சியபடியே கையை எடுத்தார். மூடியிருந்த வாய் மூடியபடியே இருந்தது.

நீர்நாய்கள் நாணலுக்குள் மறைந்த பின்னும் அது திறக்கவில்லை. திரும்பும் வழியில் சைகைக்காரரே பேச வேண்டியதாயிற்று.

“மச்சான், உங்க மேல கை வச்சது தப்புதான்.”

மச்சான் விரல்களை மடக்கி அவரை நிறுத்தினார். கோபமென்று நினைத்த சைகைக்காரருக்கு, மரத்தில் ஓர் அணில் இருப்பதே பிறகுதான் தெரிந்தது. அது கிளைக்குப் போய்ச் சேரும்வரை இருவரும் நின்றார்கள்.

வீட்டுப் பின்கட்டில் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். “என்னண்ணே, ஏதாவது கண்ணுல பட்டுதா?” என்றபடி ஒரு குண்டானைக் கவிழ்த்தாள்.

“மெதுவா, தங்கச்சி. பாத்திரத்தை இப்படியா உருட்டுவாங்க?” என்று கிசுகிசுத்தார் பாத்திரக்கடைக்காரர்.

அவள் கை அப்படியே நின்றது. அண்ணனுக்கு இப்படியொரு குரல் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

“அப்ப மூட்டை கட்டற விஷயம்?”

“நான்தான் பேச்சை விட்டுடறேன்னு சொன்னேனே. மழைக்கு மட்டும் கடைக்கு வரட்டும். கணக்குப் பாக்க வாய் எதுக்கு? மத்தபடி இங்கயே இருக்கட்டும்.” பிறகு சைகைக்காரரின் பக்கம் திரும்பினார். “மாப்ளே, நாளைக்கும் போகணும். அந்தச் சின்னதுக்கு மீன் கிடைச்சுதான்னு தெரியல. மண்ணு கலர்ல சட்டை ஏதாவது இருக்கா?”

சைகைக்காரர் தம் பழுப்புச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அது மச்சானின் வயிற்றுக்குமேல் பொத்தான் சேர மறுத்தது. மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. அண்ணனும் கணவரும் ஒரே நேரத்தில் அவளை நோக்கி விரல்களை மடக்கினார்கள்.