இரண்டு மூடி மருந்து

என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுபவள், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க வெந்நீரிலும் சோப்பிலும் ஊறிய கையோடு வீடு வந்ததும் முதலில் தொடுவது, மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் புரோமிலியட் செடியை. அன்னாசி இனம் அது. இலைகள் ஒன்றையொன்று தழுவி நடுவில் கிண்ணம்போல் குழிந்திருக்கும். அந்தக் கிண்ணத்தில்தான் தண்ணீர் விட வேண்டும்.

மூன்று வருடம் பூக்காமல் அழுத்தமாக இருந்த செடியை, பழுத்த ஆப்பிளோடு பிளாஸ்டிக் பைக்குள் பத்து நாள் கட்டிவைத்துப் பூக்கவைத்தாள். பழுத்த ஆப்பிள் விடும் வாயு செடியைப் பூக்கத் தூண்டுமாம்.

"எனக்கு ஒரு துண்டு நறுக்கித் தந்ததில்ல. செடிக்கு முழு ஆப்பிளா?" என்றார் அவள் கணவர்.

"நீங்களும் பூப்பீங்கன்னா சொல்லுங்க, பையில கட்டறேன்."

ஒரு செடி ஒரே ஒரு முறைதான் பூக்கும். பிறகு மெல்ல வாடத் தொடங்கும். அதற்குள் அடியில் கன்று விடும். தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்த பிறகே கன்றைப் பிரிக்கலாம். எங்கள் செடியில் மூன்று கன்றுகள்; பெரியது மட்டும் அந்த அளவை நெருங்கியிருந்தது. அக்காவுக்கு இந்தச் செடியைக் கொடுத்த தோழி ஊரைவிட்டே போய்விட்டாள். இந்த மூன்றும் போனால் அந்தச் செடி எங்களுக்கு இனி இல்லை.

தெருவில் காய்ச்சல் பரவியபோது ஒரு மத்தியானம் சுகாதாரத் துறை ஆள் வந்தார். வீட்டில் நான் மட்டும். வாசல் கதவைப் பாதி திறந்து நின்றேன். "தொட்டி ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூடி ஊத்திடுங்கம்மா, கொசுப்புழு சாகும்," என்று ஒரு பாட்டிலை நீட்டினார். எந்தத் தொட்டி என்று கேட்க வாய்வரை வந்தது. நான் தயங்கி நிற்கும்போதே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பின்பக்கம் இருந்தது தண்ணீர்த் தொட்டி. படியில் இருந்தது பூந்தொட்டி. செடியின் கிண்ணத்தில் புழு நெளிவதையும் காலையில் பார்த்திருந்தேன். இரண்டிலும் ஊற்றினேன்.

சாயங்காலம் அக்கா குனிந்து பார்த்தாள். "இதுல என்ன எண்ணெய் மினுங்குது?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வாயத் தொறந்தா முத்தா கொட்டிடும்?"

பூந்தொட்டியைத் தலைகீழாகச் சாய்த்துக் கிண்ணத்தைக் கழுவினோம். ஏழாவது முறையும் தண்ணீரில் பளபளப்பு தெரிந்தது.

எட்டாம் நாள், தாய்ச்செடியின் நடு இலை தொட்டதுமே கையோடு வந்தது. அடி பழுப்பு; அழுகல் நாற்றம். அது கன்றுகளுக்குப் பரவுவதற்குள் அறுத்தாக வேண்டும். வளர்ச்சி போதாது என்று அவளுக்கும் தெரியும். கத்தியைக் கொதிநீரில் முக்கி எடுத்து வந்தாள்.

"தொட்டியக் கெட்டியாப் பிடி. ஆட்டாத."

மூன்றையும் அறுத்து, வெட்டுவாய் காய ஒரு நாள் காகிதத்தில் வைத்தாள். மறுநாள் தேங்காய் மட்டைத் துண்டுகள் நிரப்பிய டப்பாக்களில் மேலாக நட்டு, சாயாமல் குச்சியில் கட்டினாள். குட்டிக் கன்று ஒரு வாரத்தில் காய்ந்தது. இரண்டாவது அடியோடு குழைந்தது. அதன்பிறகு அக்கா என்னிடம் "அடுப்ப அணை", "கதவப் பூட்டு" என்பதற்கு மேல் பேசவில்லை. நான் பெரிய கன்றுக்குத் தினமும் கிண்ணத்தைக் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் விட்டேன். இலைகள் பச்சையாகவே இருந்தன. ஆனால் வேர் விடாமலும் சில வாரம் பச்சையாக ஏமாற்றும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

முப்பதாம் நாள் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துக் குச்சியை அவிழ்த்தாள்.

"இழுத்துப் பாரு. வேர் விட்டிருந்தா வராது."

"நீங்களே பாருங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? இழு."

அடியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். டப்பாவும் சேர்ந்து எழும்பியது.

"விடு, விடு. பிடுங்கிப் போட்டுடாத," என்று என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை உடனே எடுக்கவில்லை.