தூக்குக்குப் பொருத்தனை செய்த கிடா

சபையாரே, இன்று நான் சிரித்த முகமாக இருக்கிறேன் என்றால் அது கர்த்தர் திருப்பிக் கொடுத்த சிரிப்பு. ஏறக்குறைய ஒரு வருஷம் எங்கள் வீட்டில் அது இல்லாமலே இருந்தது.

நயா பைசா புதிதாக வந்த சமயம், கோடைக்காலம். உத்திரமேரூருக்குத் தெற்கே எங்கள் ஊர். எங்கள் தெருவில் பாதி வீடு சபையைச் சேர்ந்தது, பாதி வீடு மாரியம்மனைக் கும்பிடுவது. நடவுக்கும் களையெடுக்கவும் எல்லாரும் ஒரே வரப்பில்தான் போவோம். அந்த வருஷம் ஏரி வற்றி, ஊரே மீன் பிடிக்க இறங்கியது. யார் எந்தப் பள்ளத்தில் வலை போடுவது என்று என் கொழுந்தன் யோசேப்புக்கும் மூன்றாம் வீட்டு முனுசாமிக்கும் தகராறு. "உன்ன வெட்டாம வுடமாட்டேன்" என்று முனுசாமி நாலு பேர் எதிரில் கத்தினான். கோபத்தில் கத்துகிறான் என்று விட்டுவிட்டோம். மறுநாள் கத்தியோடு வந்தான். சொன்னபடியே செய்துவிட்டான்.

யோசேப்பை நான் பெறவில்லை, அவ்வளவுதான். நான் கல்யாணமாகி வந்தபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை. அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அதைத் திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செங்கல்பட்டு கோர்ட்டில் முனுசாமிக்குத் தூக்கு என்று தீர்ப்பானது. எங்கள் வீட்டுக்காரர் சாமுவேல் கோர்ட்டிலிருந்து நேராக நம் சபைக் கோயிலுக்குப் போனார். பின்னாலேயே போன என் காதில் விழுந்தது அவருடைய பொருத்தனை: "ஆண்டவரே, அவன் தொங்குற சேதி வந்த அன்னிக்கி ஒரு கெடாவ அறுத்து சபைக்கே சோறு போடறேன்." மறுநாளே ஒரு கிடாக்குட்டி வாங்கி வந்து வாசல் வேப்பமரத்தில் கட்டினார்.

அதற்கு நடந்த உபசாரத்தைக் கேளுங்கள். கழுத்தைச் சொறிந்துவிடுவார், கஞ்சித் தண்ணீரில் தவிடு கலந்து ஊட்டுவார். புதுசாகக் கல்யாணம் ஆனபோதுகூட என் தலையை அப்படி ஒருநாள் தடவியது இல்லை! ஆனால் கிடாவைத் தடவும்போது அவர் கண்ணில் இருந்தது பிரியம் இல்லை. கஞ்சிரா தட்டிக்கொண்டு பாடினால் கோயில் கூரையே அதிரும் குரல் அவருக்கு. பாட்டை அடியோடு விட்டுவிட்டார். என்னோடு பேசுவதும் நின்றது.

முனுசாமியைக் காப்பாற்றும் என்று ஜெபிக்க எனக்கும் அப்போது மனசு வரவில்லை. பொய் சொல்லமாட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஆண்டவரே, ஒருத்தனை எடுத்துக்கொண்டீர், மிச்சம் இருக்கிற என் புருஷனையாவது எனக்குத் திருப்பிக் கொடும். தினமும் அடுப்பு மூட்டும்போது இதைத்தான் கேட்டேன். கிடாதான் வளர்ந்தது. ஹைகோர்ட்டும் தூக்கை உறுதி செய்தது.

முனுசாமியின் தாயார் கன்னியம்மா களையெடுத்துத் திரும்பும்போது எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். தலையைக் குனிந்துகொண்டே போவாள். போகிற போக்கில் மடியிலிருந்து ஒரு கை அகத்தித் தழையை எடுத்துக் கிடாவுக்குப் போட்டுவிட்டுப் போவாள். கிடாவும் அவள் காலடிச் சத்தம் கேட்டாலே கத்த ஆரம்பித்துவிடும். பாவம், விஷயம் தெரியாமல் போடுகிறாளே என்று நினைத்துக்கொள்வேன். சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். பாய்ந்து போய் வழியை மறித்தார்.

"இந்தக் கெடாவ எதுக்கு வளக்கிறேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் நைனா. ஊரே சொல்லிக்கினு கீது. எம்புள்ள செத்தா இத்த அறுக்கப்போற."

"தெரிஞ்சுமா தழை போடற?"

"அது இன்னா பண்ணுச்சி நைனா? என்னப் பாத்தா பசின்னு கத்துது. கத்தற ஜீவன வுட்டுட்டுப் போவ மனசு வரல. பெத்த வவுறு."

அவள் போய்விட்டாள். இவர் வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். அதைத் தொடாமல் என்னிடம் வாயைத் திறந்தார்.

"எஸ்தரு, நான் இன்னா மனுசன்?"

"இப்பதான் மனுசன் கேக்கற கேள்வி வருது. கஞ்சியக் குடி மொதல்ல" என்றேன். குழந்தை மாதிரி அழுதார். தம்பி செத்தபோதுகூட அவர் அழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விண்ணப்ப நேரத்தில் எழுந்து, முனுசாமியின் உயிருக்காக எல்லாரும் ஜெபிக்கவேண்டும் என்று கேட்டார். கோயிலில் சலசலப்பு. இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். நம்முடைய உபதேசியார் நல்லவர், ஆனால் கறாரானவர். "அதிகாரத்துக்குக் கர்த்தரே தண்டிக்கும் வாளாகிய பட்டயத்தைக் கொடுத்திருக்கிறார் சாமுவேல். அதில் நாம் கைவைக்கலாமா?" என்றார்.

"பட்டயம் சர்க்காருக்குக் குடுத்தாரு அய்யா, இல்லேங்கல. நமக்கு ஜெபத்தத்தானே குடுத்தாரு? நான் அத்தப் போயி பட்டயமாட்டம் புடிச்சிக்கினு இருந்தேன்."

உபதேசியார் முழங்காலிட்டார். பெண்கள் பக்கம் பாயில் முழங்காலில் இருந்த நான் சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்தேன். நம்முடைய இரட்சகரும் தீர்ப்பு எழுதிக் கொல்லப்பட்டவர்தானே! எத்தனை வருஷமாய்ப் பார்க்கிறேன், இது தோன்றவே இல்லை. உலகத்தில் முதல் கொலை செய்தவனையும் யாரும் கொன்றுவிடாதபடி கர்த்தர் அடையாளம் போட்டுக் காத்தாரே. அன்றுதான் முனுசாமி பேரைச் சொல்லி ஜெபித்தேன். மனசு முழுக்க ஒப்பவில்லைதான். ஆனாலும் சொன்னேன்.

கவர்னருக்குக் கருணை மனுவை உபதேசியாரே உட்கார்ந்து எழுதினார். முதல் கைநாட்டு செத்தவனுடைய அண்ணனுடையது. வெளியே போன இருவரில் ஒருவரும் வந்து வைத்தார். மற்றவர் இன்றுவரை வைக்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

பிறகு காத்திருந்தோம். கன்னியம்மா எங்கள் வாசலில் நின்று பேசிவிட்டுப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் நான் நாற்றங்காலில் இருக்கும்போது சேற்றுக் காலோடு வரப்பில் ஓடி வந்தாள். "எஸ்தரு! எம்புள்ளைக்குக் கயிறு இல்லியாம்! ஆயுசு முச்சூடும் ஜெயிலாம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். யோசேப்பை நினைத்தும் அழுதேன், அவளுக்காகவும் அழுதேன். எது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

விளைந்ததைக் கோயிலுக்குக் கொடுத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை வந்தது. ஆண்டவருக்கென்று வளர்த்ததை வைத்துக்கொள்ளக்கூடாது என்று எங்கள் வீட்டுக்காரர் கிடாவைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். ஏலத்தில் கறிக்கடைக்காரர் ஒருவர் கேட்கக் கேட்க, இவர் விடாமல் ஏற்றிக் கேட்டார். தான் கொடுத்த ஆட்டைத் தானே ஏலம் எடுக்கிற ஆளைப் பாருங்கள் என்று ஊரே சிரித்தது. எடுத்தார், ஓட்டிக்கொண்டு நேரே கன்னியம்மா வீட்டு வாசலில் போய்க் கட்டினார். திரும்பி வந்து கஞ்சிராவைத் தூசி தட்டி எடுத்துப் பாடினார். அடுப்பு மூட்டும்போது நான் கேட்டதை ஆண்டவர் அப்படித் திருப்பிக் கொடுத்தார்.

யோசேப்பு திரும்பி வரவில்லை. அவன் தட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கன்னியம்மா சாப்பிட வரும் நாளில் அதில்தான் போடுகிறேன். வேலூர் ஜெயிலுக்கு மகனைப் பார்க்க அவளை எங்கள் வீட்டுக்காரர்தான் பஸ் ஏற்றிக் கூட்டிப்போகிறார்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது இன்னொருவன் சாவுக்காக மனசுக்குள் ஒரு கிடாவைக் கட்டி வளர்த்தால், ஆண்டவரை நம்பி அதை அவிழ்த்துவிடுங்கள். நாங்கள் அவிழ்த்தோம். எங்கள் வீட்டில் பாட்டு கேட்கிறது.