வாலாம்பாள் மாமியின் தேக்கு மரம்

பாக்கியலட்சுமி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மைசூர் கோர்ட்டுப் படியேறினால், எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுவார்கள். சாமுண்டி மலையே ஓர் அங்குலம் நகர்ந்து வழி விடும். சரி, மலை நகர்ந்தது என்பது கொஞ்சம் கூடுதல்தான். வக்கீல்கள் குதித்ததும் இல்லை. ஒருவர் வயிற்றுவலி என்று வாய்தா கேட்டார், அவ்வளவுதான். அதையாவது நம்புங்கள்.

ரயில்வே பட்டறை ஃபிட்டரின் மகளான அவளுக்கு வாதத் திறமையெல்லாம் சுமார்தான். அவளிடம் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று. கூண்டில் நிற்கும் சாட்சியிடம், "அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பாள். ஜட்ஜுகளுக்கு எரிச்சல் வரும். ஆனால் ஒருமுறை, கள்ள உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒருவன், "அவங்க வீட்டுலதான் ஒப்பட்டு சாப்பிட்டேன், அந்த அம்மாவே சுடச்சுடப் போட்டாங்க" என்று நாக்கைச் சப்புக் கொட்டிச் சொன்னான். உயிலில் போட்டிருந்த தேதிக்கு மூன்று வருஷம் முன்பே அந்த அம்மா செத்துப் போயிருந்தாள். கேஸ் அன்றைக்கே படுத்துவிட்டது.

பன்னிரண்டு வருஷம் இப்படி வக்கீலாக இருந்தவளைத்தான், தொண்ணூற்றைந்தில் நிதிக் கம்பெனிகளைக் கண்காணிக்கப் புதிதாகத் திறந்த அரசு அலுவலகத்துக்கு மைசூர் அதிகாரியாகப் போட்டார்கள். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஓடாத ஒரு ஜீப். மாமியார் வாலாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரான அவள், காய்கறிக்காரி லிங்கம்மாவிடம்கூட, "நம்ம வீட்டுல ஆபீசர் இருக்கா, எடையில கை வெக்காதே" என்று சொல்லிப் பார்த்தாள். லிங்கம்மா பயப்படவில்லை என்பது வேறு விஷயம்.

மறு வருஷம் ஒருநாள் பாக்கியலட்சுமியின் மேஜைக்கு ஒரு ஃபைல் வந்தது. வனகனகா பிளான்டேஷன்ஸ் என்ற கம்பெனி மாநிலம் முழுக்கப் பணம் திரட்ட அனுமதி கேட்டிருந்தது. ஐயாயிரம் கட்டினால் கௌதள்ளித் தோட்டத்தில் உங்கள் பெயரில் ஒரு தேக்கு மரம். இருபது வருஷத்தில் மரத்தை வெட்டினால் ஐம்பதாயிரம். கடைசியில், திருப்தியடைந்த முதலீட்டாளர்கள் என்று ஒரு பட்டியல். முதல் பெயர் ஸ்ரீமதி வாலாம்பாள். பக்கத்தில் மாலை போட்ட போட்டோ. அடுத்த முப்பது பெயர்களும் அவளுடைய பஜனை மண்டலிதான்.

பாக்கியலட்சுமி அன்றே பெங்களூருக்கு எழுதினாள்: என் மாமியார் இதில் பணம் போட்டிருக்கிறாள், வேறு அதிகாரியை அனுப்புங்கள் என்று. மேலதிகாரி சீனிவாசன் போனில் சிரித்தார். "வேற ஆளுக்கு நான் எங்கம்மா போக? எழுதினீங்க இல்ல, அதை ஃபைல்ல வெச்சிட்டு நீங்களே போய்ப் பாருங்க. பத்து நாள்ல முடிவு வேணும்."

வீட்டில் காபி டம்ளரை வைத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்த மரத்தை நேர்ல பார்த்திருக்கேளா?"

"போட்டோல பார்த்தேன். என் கணக்குல எங்கேயாவது தப்பு இருந்தாக் காட்டு, பார்க்கலாம்."

கணக்கில் தப்பே இல்லை. வட்டி விகிதம்வரை பென்சிலில் போட்டு வைத்திருந்தாள்.

"என்ன தைரியத்துல மண்டலி பூராவையும் சேர்த்து விட்டேள்?"

"எல்லாம் உன் தைரியத்துலதான். ஏதாவது கோளாறுன்னா என் நாட்டுப்பெண் விடுவாளான்னு சொன்னேன். ஆயித்து, எல்லாரும் சேர்ந்துட்டா."

"நிஜமாவே கோளாறு இருந்தா?"

"இருந்தா நான் எந்த மூஞ்சியோட பஜனைக்குப் போவேன்? அதனால இருக்காது. வர்ற ஞாயித்துக்கிழமை கம்பெனிக்காரா மரம் காட்ட வேன் விடறா. நீயும் வா. ஆபீசராட்டமா வராதே, என் நாட்டுப்பெண்ணா வா."

ஜீப்போ ஓடாது. ஆகவே அரசாங்கத்தின் திடீர்ச் சோதனை, கம்பெனி வேனிலேயே புளியோதரை மூட்டையோடு கிளம்பியது. எட்டு மாமிகள். முன் சீட்டில் கம்பெனி ஆள் மஞ்சுநாத். கொள்ளேகால் வரும்வரை பாட்டு, அதற்கப்புறம் தூக்கம்.

தோட்டத்தில் வாசலை ஒட்டி நாற்பது மரங்கள், தொடைப் பருமனுக்கு, ஜம்மென்று நின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு மரம். ஒவ்வொரு மரத்திலும் தகரத்தில் பெயர், மேலே ஓர் ஆணி.

"நட்டு ரெண்டு வருஷத்துல இவ்வளவு பெரிசாவா வளரும்?" என்றாள் பாக்கியலட்சுமி.

"எல்லாம் ஃபாரின் உரம், அக்கா. சைன்டிஃபிக்கு!" என்றான் மஞ்சுநாத்.

வாலாம்பாள் தன் பெயரைத் தடவிப் பார்த்தாள். கண்ணில் நீர். கைப்பையிலிருந்து மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து மரத்துக்கு இட்டாள். உடனே மற்ற ஏழு பேருக்கும் கை பரபரத்தது, தோட்டமே கோவிலாகிவிட்டது. "அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வரேன்" என்று திரும்பிய பாக்கியலட்சுமி, பட்டையில் ஏற்கெனவே மஞ்சள் கறை ஊறியிருந்ததைப் பார்த்தாள். தகரத்துக்குக் கீழே பார்த்தாள். ஆணித் துளைகள். வெண்டைக்காய் விதை போல வரிசையாக.

பம்ப்செட்டருகே ஒருத்தி குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர் மாதம்மா, தோட்டத்துக் கூலிக்காரி. பாக்கியலட்சுமி மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"எங்கீங்க சாப்படறது? விடியறதுக்கு முந்தியே வேலையாயிப் போச்சுங்களே. பேரை மாத்தோணுமில்லீங்க."

"என்ன பேரு?"

"ஏனுங்க, வாராவாரம் வேன் வருதில்லீங்க? அன்னன்னைக்கு வர்றவீங்க பேரு. போன வாரத்துதைக் கழட்டிப்போட்டு, மஞ்சக் குங்குமத்தைக் கழுவி உடோணும்." குடத்தை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தாள். "உங்கூர்ல இப்புடித்தான் வேண்டுதலுங்களா? மரத்துக்குப் பேரு கட்டிக் கும்புட்டா என்னுங்க கெடைக்கும்?"

பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமியாரை மட்டும் கையைப் பிடித்து அழைத்து வந்து, "அதையே இவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றாள். மாதம்மா சொன்னதோடு நிற்கவில்லை. கொட்டகைக்குள் அழைத்துப் போய்ச் சாக்குகளையும் அவிழ்த்துக் காட்டினாள். தகரம், தகரம், தகரம்.

வாலாம்பாள் தரையில் உட்கார்ந்து பத்துப் பத்தாக அடுக்கினாள். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். எண் தவறவில்லை.

"அறுநூத்தம்பது. மரம் நாப்பது. ஒரு மரத்துக்குப் பதினாறேகால் பேர்." பிறகு, "அந்தக் கால் நான்தான் போலிருக்கு" என்றாள்.

"அம்மா, பணம் போட்டவா யாராவது எழுதித் தரணும். திருப்தியானவான்னு எங்க ஆபீசுக்குக் கொடுத்த பட்டியல்ல அவாளே உங்க பேரைத்தான் முதல்ல போட்டிருக்கா. புகார்லயும் முதல் கையெழுத்து உங்களுதா இருந்தா, அந்தப் பட்டியல் செல்லாக்காசு."

"மண்டலி பூரா சிரிக்குமேடி."

"சிரிக்கும்."

"ஒரு பேச்சுக்காவது இல்லேன்னு சொல்லப்படாதோ?"

திரும்பும் வழியில் கொள்ளேகாலில் மஞ்சுநாத்தும் டிரைவரும் காபி குடிக்க இறங்கியதும், வாலாம்பாள் வேனுக்குள் எழுந்து நின்றாள். கரும்பலகை மட்டும்தான் இல்லை. அறுநூற்றைம்பதை நாற்பதால் வகுத்துக் காட்டினாள். தன்னால்தான் இந்த மோசம் என்றும் சேர்த்தே சொன்னாள்.

பின் சீட்டிலிருந்து ஒரு மாமி ஆரம்பித்தாள். "ஏன் வாலாம்பா, கோளாறுன்னா உன் நாட்டுப்பெண் விடுவாளான்னு கேட்டியே?"

"ஆமாம், கேட்டேன்." வாலாம்பாள் நிமிர்ந்தாள். "விட்டாளா, பாரு? பிடிச்சுட்டா!"

முதலில் சிரித்தது அந்த மாமிதான். புளியோதரை கட்டி வந்த காகிதத்தின் சுத்தமான பக்கத்தில் புகாரும், அதன் கீழே எட்டுக் கையெழுத்துகளும் விழுந்தன. முதலாவதில் எழுத்து கொஞ்சம் கோணல். மஞ்சுநாத் திரும்பி வந்தபோது எல்லோரும் முன்னைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தடை உத்தரவு. கம்பெனியின் மைசூர்ப் பணம் பாங்கை விட்டு நகருமுன் முடக்கியாயிற்று. ஒன்றரை வருஷம் அலைந்ததில் போட்டதில் முக்கால்வாசி திரும்பியது. அதுவரை வாலாம்பாள் பஜனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பணம் வந்த வெள்ளிக்கிழமை மாமிகளே இழுத்து முன்னால் உட்கார வைத்தார்கள்.

தொண்ணூற்றொன்பதில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு பாங்க் தொடங்கியபோது, நிர்வாக இயக்குநர் நாற்காலிக்கு வேறு பெயரே வரவில்லை. பாக்கியலட்சுமி அரசு மேஜையை விட்டு அங்கே போனாள். முதல் நாளே ஓர் உத்தரவு போட்டாள்: கடன் கேட்டு யார் வந்தாலும், மானேஜர் முதலில் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்க வேண்டும். முதல் பாஸ்புக் மாமியாருக்கு. கௌதள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த மாதம்மாவுக்கு இரண்டாவது.

திறப்பு விழாவில் வாலாம்பாள் மைக்கைப் பிடித்தால் விடுவாளா? "அந்தத் தேக்கு மரத்துல நூத்தியெட்டு ஆணித் துளை! என் நாட்டுப்பெண் ஒத்தை ஆளா எண்ணினா! தடை உத்தரவுல தேக்கு, தேக்குன்னு பதினோரு இடத்துல எழுதியிருக்கா!"

கைதட்டல் அடங்கியதும் மூன்றாவது வரிசையில் மாதம்மா எழுந்தாள்.

"நூத்தியெட்டெல்லாம் இல்லீங்க, பதினேழுதானுங்க. அடிச்ச எனக்குத் தெரியாதுங்களா? அப்பறம் அது தேக்கும் இல்லீங்க. பழைய தோட்டக்காரரோட அப்பன் வெச்ச குமிழ மரமுங்க. தேக்கு அந்தாண்ட மொழங்கால் ஒசரத்துலல்லீங்க நின்னுது. அதுல போயி ஆணி அடிக்க முடியுமுங்களா?"