கழுத்து வலிக்காரர்கள் சொன்னதும் நான் எழுதியதும்

கார் விபத்தில் அடிபட்டு வருபவரின் கழுத்தைத் தொடுவதற்கு முன் அவரைப் பேச விட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. வகுப்பறையில் பேச்சை நிறுத்துவதில் முப்பத்து நான்கு ஆண்டுப் பயிற்சி பெற்ற என்னை அந்த வேலையில் அமர்த்தியது என் அக்காள் மகன் சரவணன் செய்த பிழை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவன் முதுகெலும்புச் சிகிச்சை நிலையம் நடத்துகிறான். செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில். பெயர்ப்பலகையில் கைரோபிராக்டிக் என்றிருந்தாலும், ஊரார் அதைச் 'சொடக்கு கிளினிக்' என்றே அழைக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு முதல் அதன் முன்மேசை என்னுடையது. எப்பொழுது மோதியது, எங்கே வலிக்கிறது, வேறென்ன தொல்லை என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி உள்ளே அனுப்புவேன். அத்தாளைப் படித்துவிட்டுத்தான் சரவணன் கை வைப்பான்.

கழுத்தில் பட்டையுடன் இதை வாசிக்கும் அன்பர்களே, உங்களுக்காகவே இவற்றை எழுதுகிறேன். இறுதியில் வருவது கலியமூர்த்தி என்னும் வாடகைக் கார் ஓட்டுநரின் வலக்கையைப் பற்றியது. அந்தக் கை இன்று முன்போல் இயங்காததில் என் பேனாவுக்கும் பங்குண்டு.

முதலில் வண்டி

ஆல்பேட்டையில் பேருந்தொன்று பின்னாலிருந்து இடித்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்ட மளிகைக் கடைக்காரர் ஒருவர், பதினோராம் நாள்தான் எங்களிடம் வந்தார். இடைப்பட்ட நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை. காரின் பின்புறத் தகரத்தை நிமிர்த்தி, வண்ணம் அடித்து, கோயில் வாசலில் பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி முடித்திருந்தார். என்னைப் பார்ப்பதற்கு மட்டும் அவர் நாற்காலியோடு திரும்ப வேண்டியிருந்தது.

உடம்பை விட்டுவிட்டு வண்டியைக் கவனிப்பது என்ன முறை என்று, வீட்டுப்பாடம் எழுதாதவனைக் கேட்பது போலவே கேட்டேன். அவர் சிறிதும் அசரவில்லை.

"வண்டி வாயத் தொறந்து சொல்லாது சார், நாமதான் பார்த்துக்கணும். எனக்கு வலிச்சா நான் சொல்லிக்குவேன்ல?"

குடம்

வாயுள்ளவர் சொல்லிக்கொள்வார் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். சிதம்பரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஓர் இளம்பெண் கணவரோடும் மாமியாரோடும் வந்தார். நான் அப்பெண்ணிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமியார் விடை கூறினார். தண்ணீர்க்குடத்தைத் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டதாம். கணவர் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை மிகுந்த ஈடுபாட்டுடன் பார்த்துக்கொண்டிருந்தார். 'குடம் தூக்கியதால் முதுகுவலி' என்று எழுதி, அடியில் கோடும் இட்டேன்.

உள்ளே, திரைக்கு அப்பால் அப்பெண் சரவணனிடம் பேசியபோதுதான் உண்மை வந்தது. இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணவர் கைபேசியில் பேசிக்கொண்டே ஓட்டி, புவனகிரிச் சாலையில் காரைப் புளியமரத்தில் மோதியிருக்கிறார். மரத்தடியில் நிறுத்தியிருந்தபோது எவனோ இடித்துவிட்டான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சரவணன் அதற்கேற்பச் சிகிச்சையை மாற்றிக்கொண்டான். அப்பெண் வெளியே வந்ததும் நான் தாளைத் திருத்தப் பேனாவை எடுத்தேன். மாமியார் செருப்பு மாட்டிக்கொள்ளும் நேரத்தில் மருமகள் மேசையருகே குனிந்து மெல்லச் சொன்னார்.

"அதுல கொடம்னே இருக்கட்டும் சார். எங்க வூட்ல அதான் நடந்துது."

நான்கு வரி

அன்று வீடு திரும்பும்போது சரவணன், இனிமேல் அவர்கள் சொல்வதை ஒன்று விடாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டான். எது வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். ஊர்க்கதையெல்லாம் எழுதினால் அது மருத்துவக் குறிப்பாகாது என்று அவனுக்கு விளக்கினேன். மாமனை எதிர்த்துப் பேசும் வழக்கம் அவனுக்கு இல்லை. இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் காடாம்புலியூரிலிருந்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் வந்தார். தம் கார் கவிழ்ந்த கதையை, அன்று காலை பலாப்பழம் ஏற்றியதிலிருந்து தொடங்கி, முக்கால் மணி நேரம் சொன்னார். பழத்தின் இனம், யாருக்குச் சீராகப் போயிற்று, கவிழ்ந்தபோது வாயில் என்ன பாட்டு இருந்தது என்பது வரை அதில் இருந்தது. நான் நான்கே வரிகளில் எழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னதை அன்று நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் சார் எழுதியிருக்கீங்க. ஆனா இது எனக்கு நடந்த மாரி இல்லியே."

சட்டைப் பொத்தான்

கலியமூர்த்தி அதற்கு இரு மாதங்களுக்குப் பின் வந்தார். ஐம்பது வயது, வெளுத்த வெள்ளைச் சட்டை, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே கல்யாண வீட்டாரை ஏற்றிச் செல்லும் சொந்தக் கார். ஆலப்பாக்கத்தருகே வேகத்தடைக்காக மெதுவாக்கியபோது பின்னால் வந்த லாரி மோதிவிட்டது. கழுத்து வலிக்கிறது, தோள் கனக்கிறது என்றார். வேறென்ன தொல்லை என்று கேட்டேன். அவர் சிரித்தார். இப்பொழுதெல்லாம் காலையில் வீட்டுக்காரிதான் தமக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள் என்றும், கல்யாணமான புதிதில்கூட அவள் இத்தனை பாசமாக இருந்ததில்லை என்றும் சொன்னார். கணவன் மனைவிக்கு இடையிலான செய்தியைத் தாளில் ஏற்றுவது எனக்குப் பழக்கமில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு எழுதினேன்: 'பின்புற மோதல். கழுத்து வலி, தோள் கனம். கை கால்களில் குறை கூறவில்லை.'

அன்று கூட்டம் மிகுதி. சரவணன் தாளைப் பார்த்தான். கழுத்தை மட்டும் சோதித்தான். நல்லவேளையாகச் சொடக்கு எடுக்கவில்லை. ஒத்தடமும் இழுவையும் கொடுத்தான். இப்படியே நான்கு முறை, இரண்டு வாரம். ஐந்தாம் முறை வந்தபோது வாசலில் கார்ச்சாவி அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்தவர் அதை வலக்கையால் இரண்டு தடவை எடுக்கப் பார்த்தார். பிறகு இடக்கையால் எடுத்தார். சரவணன் அதைக் கவனித்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டான். கலியமூர்த்தி வியப்புடன் என் பக்கம் திரும்பினார்.

"பட்டன்கூடப் போட முடியலன்னு மொத நாளே சார்கிட்ட சொன்னேனே."

பொத்தான் பலகை

கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் பொத்தானுக்குத் தடுமாறுவது அதன் முதல் அடையாளங்களுள் ஒன்றென்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அன்று மாலையே ஸ்கேன் எடுத்தார்கள். அந்த வாரத்திலேயே புதுச்சேரியில் அறுவைச் சிகிச்சை. இரண்டு வாரம் முன்னதாக வந்திருந்தால் கை முழுமையாகத் தேறியிருக்குமா என்று சரவணன் அங்கிருந்த மருத்துவரிடம் கேட்டிருக்கிறான். அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாராம். தானே சோதித்திருக்க வேண்டும் என்று சரவணன் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். தாளைப் பற்றி மட்டும் அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பாதிக் கைதான் திரும்பியது. டம்ளரைப் பிடிக்கிறார், ஸ்டியரிங்கைப் பிடித்து ஒடிக்க முடியவில்லை. காரை இப்பொழுது அவருடைய மச்சான் ஓட்டுகிறார். இவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வழி சொல்கிறார். வாரம் இரு முறை எங்களிடம் விரல் பயிற்சிக்கு வருகிறார். பலகையொன்றில் பழைய சட்டையின் முன்பகுதியை ஆணியடித்து, பொத்தான்களைப் போட்டுக் கழற்றுவதே பயிற்சி. அது என் சட்டை. பள்ளிக்கு அணிந்து போனது. ஒரு நாள் அவர் மூன்றாவது பொத்தானோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, முதல் நாள் எழுதிய தாளை எடுத்து அவர்முன் வைத்தேன். அவர் சொன்னதை நான் எழுதாமல் விட்டதையும், அதனால் இரண்டு வாரம் வீணானதையும் ஒளிக்காமல் கூறினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. பொத்தானிலிருந்து விரலையும் எடுக்கவில்லை.

"தெரியும் சார். நான் பேசறப்பவே நீங்க பேனாவ மூடி வச்சீங்கள்ல, பார்த்தேன். வாத்தியாரு, அவுங்களுக்குத் தெரியாததா, இது தேவையில்ல போலன்னு நானும் வுட்டுட்டேன்."

இப்பொழுதெல்லாம் பலாப்பழத்தின் இனம் வரை ஒன்று விடாமல் எழுதி நான்கு பக்கத் தாள்களை உள்ளே அனுப்புகிறேன்; மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் கேள்வித்தாள் தயாரித்து, பிள்ளைகள் விட்டுவிட்டவற்றுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்ட அதே கைதான் இதையும் எழுதுகிறது.