பொம்பிளைக்கு முன்னால் ஆடிய மாமா

என் சித்தியின் கலியாணத்தன்று எனக்குப் புதுச் சப்பாத்து வாங்கித் தந்திருந்தார்கள். அது குதிக்காலைக் கடித்தது. பூக்கூடையோடு மணப்பொம்பிளையான சித்திக்கு முன்னால் நடக்க வேண்டியவள் நான். எப்போது வீடு போய்ச் சப்பாத்தைக் கழற்றுவேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

சித்திக்கு இடது கால் பொய்க்கால். சண்டைக்காலத்தில் ஷெல் விழுந்து போன கால் அது. மாதா கோவிலிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதையோ கடற்கரை மணல். வாடகைக்கு வான் பிடிப்போம் என்று எல்லோரும் கெஞ்சினார்கள்.

"எல்லாப் பொம்பிளையளும் நடந்துதானே போனவை? நானும் நடந்துதான் வருவன்" என்றுவிட்டார் சித்தி. ஆனால் காலையில் சேலை கட்டும்போது, "மாப்பிள்ளை வீட்டாக்களுக்கு முன்னால விழுந்திடுவனோ எண்டு பயமாக் கிடக்கக்கா" என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

பூசைப் பிரசங்கத்தில் சுவாமியார் ஒரு கதை சொன்னார். முற்காலத்து யூத மதகுருமாரான ரபிமார், எவ்வளவு படித்த கிழவர்களானாலும், பொம்பிளை வந்தால் வேதப் புத்தகத்தை மூடிவிட்டு அவளுக்கு முன்னால் ஆடுவார்களாம். ஒரு கிழவர் இலைக்கொப்புகளை வீசிப் பிடித்து ஆடினாராம். மற்ற ரபிமார், மானத்தை வாங்குகிறாரே என்று முகம் சுளித்தார்களாம். நான் கொட்டாவி விட்டேன். முன்வாங்கில் இருந்த மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவரான மாமா, கோவிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார். அவர் சிரித்து யாரும் கண்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் கோவில் வாசலில் பூவரசங்கொப்பை முறித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் ஆடத் தொடங்கினார். ஆட்டமா அது! கோழி குப்பை கிளறியதுபோல் இருந்தது. கொஞ்சத் தூரம் போவார், நின்று சுழலுவார், "வடிவான பொம்பிளை வாறா!" என்று கத்துவார். பாண்ட் வாத்தியக்காரரும் நிற்பார்கள், எல்லோரும் நிற்போம். வீடியோக்காரர் பொம்பிளையை விட்டுவிட்டு மாமாவையே எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அண்ணா, காணும். ஆக்கள் சிரிக்கினம்" என்று அம்மா பல்லைக் கடித்தார்.

"சிரிக்கட்டும். என்னைப் பாத்துத்தானே சிரிக்கினம்" என்றார் மாமா மூச்சு வாங்க.

எனக்கு அழுகை முட்டியது. சட்டையைப் பிடித்து இழுத்து, "கெதியா வாங்கோ மாமா" என்றேன். "மெல்லப் போவம் பிள்ளை" என்றவர், சித்தியை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

வீட்டு வாசலில் சித்தி மாமாவின் தோளில் முகத்தைப் புதைத்து விம்மி அழுதார். கலியாணத்தைக் கெடுத்துவிட்டாரே என்றுதான் அழுகிறார் என நினைத்தேன். மாமா மீது எனக்கு அப்படியொரு ஆத்திரம். அவர் கேக் ஊட்ட வந்தபோது வாயை இறுக மூடிக்கொண்டேன்.

மணலில் புதைந்த காலை இழுத்து இழுத்துச் சித்தி வீடு வந்து சேர்ந்ததை அன்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. நானும்தான்.