பேண்டேஜ் துணிக்கு வாங்கிய கேமரா

“ஏம்மா பாத்திமா, துணி எதுக்கு இம்புட்டு அழுக்கா இருக்கு?” என்று முதலாளி, நான் எடுத்த படத்தோடு போனை என் முகத்துக்கு நேரே நீட்டியபோதுதான் என் போட்டோகிராபி படிப்பு தொடங்கியது.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் யூனிட்டில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். செல்போனில் நன்றாகப் படம் எடுப்பேன் என்று யாரோ போட்டுக்கொடுக்க, துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் படங்களை எடுக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

1. கடையில்

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரர் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸைத் தூக்கி வைத்தார். “இத வச்சு கோபுரத்து உச்சியில இருக்கிற புறாவோட கண்ணையே எடுக்கலாம்மா.”

“நான் எடுக்கப்போறது மேசையில கெடக்குற துணி அண்ணாச்சி. அது எங்கயும் பறந்து போகாது” என்றேன்.

கைக்கு அடக்கமான ஒரு கேமராவும் ட்ரைபாடும் வாங்கிவந்தேன். இன்றைக்கும் அதில் எனக்குக் குறையில்லை. எதைப் படமெடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு கடைக்குப் போங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. மாரியப்பண்ணன் சட்டை

புதுக் கேமராவில் எடுத்த படங்களைப் பார்த்த பையர், சலவை சரியில்லை, ஆர்டரை நிறுத்துங்கள் என்று எழுதிவிட்டார். அந்த லாட் ஏற்கெனவே லாரி ஏறிவிட்டதால் எடுத்துக் காட்டத் துணியும் இல்லை. பழி முழுவதும் ப்ளீச்சிங் பார்க்கும் மாரியப்பண்ணன் மேல் விழுந்தது. “நாளையிலேருந்து வேற ஆளப் பாத்துக்கிடுதேன்” என்றார் முதலாளி. துணி வெள்ளையாகத்தான் இருந்தது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மாரியப்பண்ணன் விறுவிறுவென்று வந்து கேமரா முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். எப்போதும் வெள்ளைச் சட்டை போடுகிற மனிதர்.

“எடு தாயி, எஞ்சட்டைய எடு. இது எம்பொண்டாட்டி தொவச்சது. இதுவும் அழுக்கா வருதான்னு பாப்போம்.”

எடுத்தேன். சட்டையும் சாம்பல்!

முதலாளி சட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். “என்னம்மா இது?” என்றார், குரல் இறங்கி.

சந்தேகத்தில் என் கறுப்புக் குடையை விரித்து எடுத்தேன். அதுவும் சாம்பலாகவே வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. ஆட்டோ மோடில் விட்டால் கேமரா எதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. வெள்ளையை மங்கடிக்கும், கறுப்பை வெளுப்பாக்கும். அதுவரை தொடாத, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளஸ்-மைனஸ் பட்டனைப் பிளஸ் பக்கம் நகர்த்தினேன். சட்டை பளிச்சென்று வந்தது.

அந்த மாதிரியே புதுத் துணியை எடுத்து விளக்கத்தோடு அனுப்பினோம், ஆர்டர் திரும்பியது. முதலாளி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, மாரியப்பண்ணனுக்கு வடையும் டீயும் வாங்கிக்கொடுத்தார்.

புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெள்ளைக்குப் பிளஸ், கறுப்புக்கு மைனஸ். படமும் கண்ணும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் கேமராவைச் சந்தேகப்படுங்கள், ஆளை அல்ல.

மாரியப்பண்ணனுக்கு இரண்டு படத்தையும் அனுப்பினேன். இன்றுவரை அவர் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்திருப்பது அந்தச் சாம்பல் படத்தைத்தான். “நல்ல படத்த வைக்கக் கூடாதாண்ணே?” என்று கேட்டேன்.

“போ தாயி. எம்பொழப்பக் காப்பாத்துனது இந்த அழுக்குச் சட்டைல்லா!”