லோங்காங் கீரை

எங்கள் ஞாயிற்றுச் சந்தையில் காய் விற்ற ஒரு குடும்பத்தைப் பற்றி நான் பொய் சொன்னேன். அது பொய்யென்று அப்போது தெரியாது என்று சொல்லி இப்போது தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது உண்மை என்றும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக் கூடாது என்று ஆயுள் முழுதும் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான்.

அம்பாங்கானில் எங்கள் குடியிருப்புக்கு வெளியே, பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டி அந்தச் சந்தை கூடும். மீன் லாரி ஒன்று, தோசையும் தேநீரும் விற்கும் ஒட்டுக்கடை ஒன்று, துணி விற்பவர் இருவர். கடைசியில் ஒரு பழைய வேன். அதன் பின்கதவைத் திறந்துவைத்து, முன்னால் தார்ப்பாய் விரித்து, நாற்பதைக் கடந்த ஒரு பெண் கீரையும் காயும் விற்பார். அவரும் கணவரும் போர்டிக்சன் போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரம், மின்கம்பிகள் கடந்து செல்லும் நீளமான பட்டை நிலத்தில் பயிர் செய்தார்கள். கம்பிக்குக் கீழே உயரமான மரம் வைக்கக் கூடாது. கீரை, வெண்டை, கத்தரி, மிஞ்சினால் வாழை வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும்; நிலம் புல் மண்டிக் கிடந்தால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். இதையெல்லாம் கீரைக்கட்டை என் பையில் போட்டுக்கொண்டே ஒருநாள் அவர் சொல்லியிருந்தார். ஆகவே, அவர்கள் காய் விற்காமல் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல.

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குவது என் வழக்கம். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். நம்மில் பலரும் செய்வதுதான். முற்றலை விட்டுவிடுவார்கள், நானும் விடுவேன். சில நாள் பிஞ்சையும் விட்டுவிட்டு, அதைவிட இளசாக ஒன்றைத் தேடுவேன். ஒடிபட்டவை வெயிலில் கறுத்துப் போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று சந்தையில் நல்ல கூட்டம். நான் ஒடித்துக்கொண்டே போனேன். அந்தப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சார், நீங்க போனப்புறம் இந்த மூக்கொடஞ்சத எல்லாம் யாரு சார் வாங்குவா? இருபது காய ஒடச்சிட்டு ஏழு எடுத்துக்கிட்டுப் போறீங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல், “சாருக்கு இன்னும் பரீட்ச வைக்கிற பழக்கம் போகலலா! பாதிப் பேரு பெயிலு!” என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் என்னிடம் படித்தவர்கள் மூன்று பேராவது இருந்தார்கள். கையில் ஒடிந்த காயோடு நின்ற எனக்கு முகம் சுட்டது.

“லோங்காங் தண்ணியில வெளஞ்ச காய்க்கு இவ்வளவு ரோஷமா?” என்றேன்.

லோங்காங் என்றால் சாக்கடை. மலாய்ச் சொல்தான் என்றாலும் இங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். மறுபடியும் சிரிப்பு எழுந்தது. இந்த முறை அது என் பக்கம் இருந்தது. கூட்டத்தில் ஒரு பெண்மணி மட்டும், “நெசமாவா சார்?” என்று கேட்டார். கையில் எடுத்த கீரைக்கட்டைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று அவர் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த நொடியில் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம்.

“என் கண்ணால பாத்தேன்” என்றேன்.

அவர் கீரையை வைத்துவிட்டுப் போனார்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அதற்கு இரண்டு வாரம் முன்பு போர்டிக்சனுக்குக் காரில் போகும்போது, தோட்டத்து ஓரமாக ஓடும் ஒரு வாய்க்காலில் அந்தப் பெண் வாளியால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. காரை நான் நிறுத்தவில்லை.

இரண்டாம் நாள் குடியிருப்பு வாட்சாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் நேரில் கண்டதாகவும், சந்தையில் கீரை வாங்குவோர் கவனமாக இருக்க வேண்டும் என்றும் யாரோ எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த ஞாயிறு அந்தக் காய்களுக்கு லோங்காங் கீரை என்று பெயர் வந்துவிட்டது. “சாரே பாத்தாராம்லா” என்று சொல்லி, தார்ப்பாயைச் சுற்றி விலகி நடந்தார்கள். நானும் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். பேரங்காடியில் பிளாஸ்டிக் பையில் அடைத்த கீரையை வாங்கி வந்தேன். மனைவி அதை வதக்கிவிட்டு, “இது கீரையா, ஈரக் காகிதமா?” என்றாள்.

சில மாதங்களில் வேன் ஒரு வாரம் வந்தது, ஒரு வாரம் வரவில்லை. கணவர் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஒட்டுக்கடையில் ஒருநாள் பழைய பால்மரத் தொழிலாளி ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் பிறந்த தோட்டத்தில் பிறந்தவர். அந்தப் பெண்ணின் நிலத்தை ஒட்டிய செம்பனைத் தோட்டம்தான் அது; அப்போது அங்கே ரப்பர் பால்மரங்கள். அவர் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்; நான் கிராணி வீட்டில். என் அப்பா அங்கே அலுவலகக் கணக்கர்.

“சார், நீங்க பாத்த அந்த வாய்க்கா எங்கருந்து வருதுன்னு தெரியுமா?”

“செம்பனை ஆலைக் கழிவா இருக்கும்.”

அவர் சிரித்தார். “கிராணி வீட்டுப் புள்ளலா நீங்க! ஒங்களுக்கு டேங்க் தண்ணி வந்துச்சு. நாங்க லயத்துல அந்தத் தண்ணியக் குடிச்சித்தான் வளந்தோம். வாங்க, காட்டுறேன்.”

அவரையே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வாய்க்காலைப் பிடித்து மேட்டின் மேல் நடந்தோம். அடர்ந்த வேர்களுக்கு அடியில், பாசி பிடித்த சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் அதில் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிபோல் இருந்த அந்தத் தண்ணீர், கீழே போகப் போக, விழுந்து ஊறிய இலைகளால் நிறம் மாறியது. ஆலைக் கழிவு போகும் ஓடை மேட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு குவளை எடுத்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் பிறந்த தோட்டத்து லயத்தில் எல்லோரும் குடித்த தண்ணீர் எனக்கு மட்டும் சாக்கடையாகத் தெரிந்திருக்கிறது.

திரும்பி இறங்கும்போது பட்டை நிலம் தெரிந்தது. பாதியில் பயிர், பாதியில் லாலாங் புல் இடுப்பளவு. அந்தப் பெண் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து கீரையின் வேர்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். அருகில் போய் நின்றேன்.

“தெரியாம சொல்லிட்டேன்மா. மன்னிச்சிருங்க.”

அவர் கை நிற்கவில்லை. “தெரியாம இல்ல சார். கோவத்துல சொன்னீங்க.”

“ஆமா.”

“என்கிட்ட சொல்லி என்னா பண்றது? சொன்ன எடத்துல சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு ஒட்டுக்கடை முன்னால் நின்று பேசினேன். பக்கத்தில் விளைவதை வாங்க வேண்டும், காலையில் பறித்த காயில்தான் சத்து இருக்கும், எங்கிருந்தோ லாரியில் வருவதைவிட நமக்குத் தெரிந்த குடும்பம் விளைவிப்பது மேல் என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான். தோசை தின்றுகொண்டே மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர்கூட வேன் பக்கம் போகவில்லை.

தார்ப்பாயைச் சுருட்டும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்தார். “உள்ளூர்க் காய் நல்லதுன்னு பாடம் நடத்தச் சொன்னேனா சார்? நீங்க சொன்னது பொய்யின்னு சொல்லுங்கன்னுதானே சொன்னேன்.”

அதற்கு அடுத்த ஞாயிறு, ஊற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு போனேன். தார்ப்பாய் பக்கத்திலேயே நின்று, முதலில் அந்த வெண்டைக்காய்க் கதையைச் சொன்னேன். என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்ததால் கோபம் வந்தது, காரிலிருந்து பார்த்ததை விசாரிக்காமல் சாக்கடை என்று சொன்னேன், அது ஊற்று, நான் சொன்னது பொய் என்றேன். பிறகு போத்தலைத் திறந்து வாயில் வைக்கப் போனேன்.

அவர் எட்டிப் பிடுங்கிக்கொண்டார். “வேணாம் சார்! காய்ச்சாத தண்ணி. இந்த வயசுல வயித்துக்கு ஏதாச்சும் ஆச்சின்னா அதுக்கும் என் கீரையத்தான் சொல்லுவாங்க.”

சந்தையே சிரித்தது. முன்பு “நெசமாவா சார்” என்று கேட்ட பெண்மணி சிரித்துக்கொண்டே குனிந்து இரண்டு கட்டுக் கீரை எடுத்தார்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. வந்தவர்களும் மெதுவாகத்தான் வந்தார்கள். வாட்சாப் குழுவில் நான் எழுதிய மறுப்பை முன்பு போல் யாரும் மற்ற குழுக்களுக்கு அனுப்பவில்லை. அந்த ஆண்டு அனுமதி பயிர் இருந்த பாதிக்குத்தான் கிடைத்தது. புல் மண்டிய பாதியில் இப்போது வேறு ஒருவர் வாழை போட்டிருக்கிறார். கணவர் தொழிற்சாலையிலேயே இருந்துவிட்டார். போர்டிக்சனுக்குப் போகும்போதெல்லாம் அந்த வாழைகளைக் கடந்துதான் போகிறேன்.

பெயரும் போகவில்லை. “அக்கா, லோங்காங் கீரை ரெண்டு கட்டு” என்று சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு கீரையின் பெயர், அவ்வளவுதான். அவரும் எடுத்துக் கொடுக்கிறார். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் காது கூசுகிறது.

நான் இப்போது வெண்டைக்காயை ஒடிப்பதில்லை. சந்தை கலையும் நேரத்துக்குப் போய், அன்று மற்றவர்கள் ஒடித்துப் போட்டதையெல்லாம் வாங்கிக்கொள்கிறேன். அதற்கென்று அவர் ஒரு சிவப்புத் தட்டு வைத்திருக்கிறார். “நம்ம வீட்டு வெண்டக்கா ஒண்ணுக்கும் மூக்கு இல்ல” என்று மனைவி அலுத்துக்கொள்கிறாள். பிஞ்சைப் பொரியலுக்கும் முற்றலைச் சாம்பாருக்கும் பிரிக்கிறாள். சாம்பார்தான் அடிக்கடி.

போன ஞாயிறு அந்தத் தட்டு நிறைந்து வழிந்தது. இவ்வளவா என்று கேட்டேன்.

“ஒங்களாலதான் சார். ‘ஒடைங்கலா, சார் வந்து வாங்கிக்குவாரு’ன்னு சொல்லிச் சொல்லி ஒடைக்கிறாங்க.”

“அப்ப நான் வாங்குறத நிறுத்திடவா?” என்றேன்.

அவர் தட்டை என் பைக்குள் கவிழ்த்தார். “எதுக்கு நிறுத்தணும்? ஒங்களுக்குன்னே கூட ஒரு பாத்தி வெண்ட போட்டிருக்கேன்” என்றார்.